180 நாளில் 90 நாள்: ஐரோப்பாவில் விசா இல்லாமல் தங்கும் வரம்பு

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான், மலேசியா, சிங்கப்பூர் முதலிய நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா எடுக்காமலே ஐரோப்பாவின் பெரும்பகுதிக்குள், அதாவது தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிய ஷெங்கன் நாடுகளுக்குள், நுழையலாம். அங்கே எவ்வளவு காலம் தங்கலாம் என்ற கேள்விக்கு இன்றைய சட்டம் ஒரே வரியில் விடை சொல்கிறது: எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் தங்கிய நாள்கள் 90ஐத் தாண்டக் கூடாது. இரண்டு வாரம் சென்று திரும்புபவருக்கு இந்த வரியால் எந்தச் சிக்கலும் இல்லை. லிஸ்பனில் தொடங்கி ஏதென்ஸ் வரை ஆறு மாதம் மெதுவாகச் சுற்ற நினைப்பவருக்கும், ஓய்வுக்காலத்தைப் பாதி இங்கும் பாதி அங்குமாகக் கழிக்க விரும்புபவருக்கும், பாரிஸிலோ ஜெனீவாவிலோ குடியேறிய பிள்ளைகளோடு இருக்கக் கனடாவிலிருந்து வரும் பெற்றோருக்கும் அதுவே பயணத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுகளுக்கு விசா கட்டாயம். ஆனால் குறுகியகால ஷெங்கன் விசாவில் செல்பவர்களையும் இதே வரம்புதான் கட்டுப்படுத்துகிறது. ஐந்தாண்டு செல்லுபடியாகும் பலமுறை நுழைவு விசா கையில் இருந்தாலும், 180 நாளில் 90 என்ற கணக்கு மாறுவதில்லை.

இந்த வரம்பை எப்படி எண்ணுவது, எந்த நிலப்பரப்புக்கு எண்ணுவது, யாருக்கு விலக்கு அளிப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் கடந்த முப்பது ஆண்டுகளில் வெவ்வேறு விடைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் தோற்றத்தையும் பலவீனங்களையும் வரிசையாகப் பார்க்கலாம்.

மூன்று மாதம் என்ற அளவின் தோற்றம்

வந்து போகும் விருந்தினருக்கு மூன்று மாதம் என்ற அளவு ஷெங்கன் உடன்பாட்டோடு பிறந்ததல்ல. ஐரோப்பிய கவுன்சிலின் உறுப்பு நாடுகளுக்கிடையே மக்கள் சென்றுவருவது தொடர்பாக 1957 டிசம்பரில் பாரிஸில் ஏற்பட்ட ஒப்பந்தமே மூன்று மாதத்துக்கு மேற்படாத வருகைகளைத் தனி வகையாகக் கொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பல இருதரப்பு விசா விலக்கு ஒப்பந்தங்களிலும் இதே அளவைக் காணலாம். மூன்று மாதத்துக்குள் இருப்பவர் விருந்தினர், அதற்கு மேல் இருக்க நினைப்பவர் வசிப்பதற்கு அனுமதி கேட்க வேண்டியவர் என்ற பிரிவினை அப்போதே நிலைபெற்றுவிட்டது.

அந்தக் காலத்தில் மூன்று மாதம் என்பது ஒரு நாட்டுக்கான அளவு. பிரான்சில் மூன்று மாதம் இருந்தவர் ஸ்பெயினுக்குப் போனால் அங்கே புதிய கணக்கு தொடங்கும். எல்லைதோறும் சோதனை இருந்ததால், ஒவ்வொரு நாடும் தன் விருந்தினரைத் தானே எண்ணிக்கொண்டது. விசா விலக்குப் பெற்ற ஒருவர் நாடு மாறி மாறி ஓராண்டுகூட ஐரோப்பாவில் சட்டப்படி சுற்ற முடிந்தது.

1985 ஜூன் 14 அன்று லக்ஸம்பர்க்கின் ஷெங்கன் என்ற ஊரில் பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, லக்ஸம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் தங்களுக்கிடையே உள்ள எல்லைச் சோதனையைப் படிப்படியாக நீக்க ஒப்புக்கொண்டன. அதை நடைமுறைப்படுத்தும் உடன்படிக்கை 1990 ஜூன் 19 அன்று கையெழுத்தானது. 1995 மார்ச் 26 முதல் ஏழு நாடுகளில் அது செயலுக்கு வந்தது. உள் எல்லைகள் மறைந்ததும் நாட்டுக்கு நாடு எண்ணுவது இயலாமல் போயிற்று. பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு ரயிலில் போனவர் எந்த நாளில் எந்த நாட்டில் இருந்தார் என்பதற்குப் பதிவே இருக்காது. எனவே முழுப் பரப்பையும் ஒரே நாடுபோல் கொண்டு எண்ணும் முறை வந்தது. அளவு மட்டும் பழைய மூன்று மாதமாகவே நின்றுவிட்டது. நீண்ட பயணத்தைச் சுற்றி இன்று எழும் சிக்கல்களில் பல இந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன.

முதல் விடை: முதல் நுழைவிலிருந்து முன்னோக்கி எண்ணுதல்

1990 உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு, விசா தேவைப்படாத அயல்நாட்டவர் முதல் நுழைவு நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதிகபட்சம் மூன்று மாதம் தங்கலாம் என்றது. படிக்க எளிமையாகத் தோன்றினாலும் இதில் இரண்டு குறைகள் இருந்தன.

முதல் குறை, முதல் நுழைவு என்பது எது என்ற ஐயம். வாழ்நாளில் ஒரே ஒரு முறை நிகழ்வதா, ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் ஒன்றா? ருமேனியக் குடிமகன் ஒருவர் பிரெஞ்சு நிர்வாகத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2006 அக்டோபர் 3 அன்று இதற்கு விளக்கம் அளித்தது. முதன்முதலில் நுழைந்த நாளும் முதல் நுழைவுதான். அதிலிருந்து ஆறு மாதம் முடிந்தபின் முதலில் நுழையும் நாளும் முதல் நுழைவுதான் என்பது தீர்ப்பு.

இரண்டாவது குறையை இந்த விளக்கமே வெளிச்சமிட்டுக் காட்டியது. ஜனவரி முதல் நாள் நுழைந்து அன்றே வெளியேறிய ஒருவர், ஆறு மாதக் காலத்தின் கடைசிப் பகுதியில் திரும்பி வந்து ஏறத்தாழ மூன்று மாதம் தங்கலாம். அது முடியும் தறுவாயில் வெளியே சென்று மீண்டும் நுழைந்தால் புதிய ஆறு மாதம் தொடங்கிவிடும். உடனே இன்னொரு மூன்று மாதம் கிடைக்கும். இப்படிக் கிட்டத்தட்ட தொடர்ந்து ஆறு மாதம் தங்க வழி இருந்தது. இந்த விளைவு நீதிமன்றத்துக்குத் தெரியாமல் இல்லை. வேண்டுமானால் விதியைத் திருத்துவது சட்டமியற்றுவோரின் பொறுப்பு என்று அது விட்டுவிட்டது. மாதங்களுக்கு நாள் எண்ணிக்கை மாறுபடுவதால் மூன்று மாதம் என்பது 89 நாளா 92 நாளா என்ற குழப்பமும் கூடவே இருந்தது.

இரண்டாம் விடை: ஒவ்வொரு நாளிலிருந்தும் பின்னோக்கி எண்ணுதல்

2013 ஜூனில் நிறைவேறிய திருத்தம் அதே ஆண்டு அக்டோபர் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. மாதக் கணக்கு நாள் கணக்காக மாறியது. முன்னோக்கி எண்ணும் முறை போய்ப் பின்னோக்கி எண்ணும் முறை வந்தது. தங்கியிருக்கும் ஒவ்வொரு நாளும், அந்த நாளையும் சேர்த்துக் கடந்த 180 நாளைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அதற்குள் ஷெங்கன் பரப்பில் கழிந்த நாள்கள் 90க்குள் இருந்தால் அன்றைய தங்கல் சட்டப்படியானது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் முழு நாள்களாகவே எண்ணப்படும். 2016இல் தொகுக்கப்பட்ட ஷெங்கன் எல்லைச் சட்டத்தொகுப்பின் 6ஆம் பிரிவில் இந்த விதி இன்று இடம்பெற்றுள்ளது.

தொடர்ச்சியான தங்கலில் இதன் இயக்கம் தெளிவாகத் தெரியும். லீப் ஆண்டு அல்லாத ஓர் ஆண்டில் ஜனவரி 1 அன்று நுழைபவர் மார்ச் 31 வரை இருக்கலாம். அதோடு 90 நாள் முடிகிறது. மறுபடி நுழையக்கூடிய முதல் நாள் ஜூன் 30. அன்று பின்னோக்கி எண்ணினால் 180 நாள் ஜனவரி 2இல் தொடங்குவதால், ஜனவரி 1 கணக்கிலிருந்து விழுந்துவிட்டிருக்கும். அதன்பின் நாளுக்கு ஒரு பழைய நாள் விழ, அந்த இடத்தில் ஒரு புதிய நாள் சேர்கிறது. எனவே செப்டம்பர் 27 வரை இன்னொரு 90 நாள் தங்க முடியும். தொடர்ந்து 90 நாள் வெளியே இருந்தவருக்கு முழு 90 நாளும் மீண்டும் கிடைக்கும் என்பதே இதிலிருந்து பெறப்படும் விதி.

துண்டு துண்டான பயணங்களில் கணக்கு சற்று நுட்பமாகிறது. மார்ச் 1 முதல் 30 வரை ஒரு பயணம், மே 1 முதல் 30 வரை இன்னொன்று, ஜூலை 1 முதல் 30 வரை மூன்றாவது என்று வைத்துக்கொண்டால் ஜூலை 30 அன்று 90 நாள் நிரம்பிவிடும். ஜூலை 31 அன்று பின்னோக்கிய 180 நாள் பிப்ரவரி 2இல் தொடங்குவதால் மார்ச் நாள்கள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. ஆகஸ்ட் 28 அன்றுதான் மார்ச் 1 விழுகிறது. அன்றுமுதல் மறுபடி நுழையலாம். செப்டம்பர் 26 வரை தங்கலாம். மறுநாள் எந்தப் பழைய நாளும் விழாது, ஏனென்றால் மார்ச் 31 முதல் ஏப்ரல் இறுதிவரை அவர் வெளியே இருந்திருக்கிறார். ஆகவே அன்று தங்கினால் எண்ணிக்கை 91 ஆகிவிடும்.

இந்த முறையின் வலிமை, பழைய ஓட்டையை அடைத்தது. ஒரு நாள் எல்லை தாண்டி வந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்ற நம்பிக்கை பயணிகளிடையே இன்றும் உலவுகிறது. அதற்கு இந்த விதியில் இடமே இல்லை. பலவீனம், விதியைத் தலைக்கணக்காகப் போட முடியாததே. பழைய முறையில் ஒரு தேதியை நினைவில் வைத்தால் போதும். புதிய முறையில் கடந்த ஆறு மாதத்தின் ஒவ்வொரு நுழைவும் வெளியேற்றமும் கைவசம் வேண்டும். ஐரோப்பிய ஆணையம் தானே ஒரு கணக்கிடும் கருவியைப் பொதுமக்களுக்கு வெளியிட வேண்டியிருந்தது.

கணக்கில் சேர்பவையும் சேராதவையும்

ஷெங்கன் பரப்பும் ஐரோப்பிய ஒன்றியமும் ஒன்றல்ல. இன்று ஷெங்கனில் 29 நாடுகள் உள்ளன. அவற்றில் 25 ஒன்றியத்தின் உறுப்பு நாடுகள். ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகிய நான்கும் ஒன்றியத்துக்கு வெளியே இருந்துகொண்டு ஷெங்கனில் பங்கேற்பவை. அயர்லாந்தும் சைப்ரஸும் ஒன்றியத்தில் இருந்தாலும் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. கேனரித் தீவுகளும் அசோர்ஸும் சேரும். கிரீன்லாந்தும் ரீயூனியன் போன்ற பிரான்சின் கடல்கடந்த பகுதிகளும் சேரா.

ஷெங்கன் நாடு ஒன்று வழங்கிய வசிப்பு அனுமதியின் பேரிலோ நீண்டகால விசாவின் பேரிலோ அந்நாட்டில் கழித்த நாள்கள் 90க்குள் எண்ணப்படுவதில்லை. ஆனால் அதே நபர் மற்ற ஷெங்கன் நாடுகளுக்குச் செல்லும்போது அங்கே 180க்கு 90 என்ற வரம்பு பொருந்தும். ஜெர்மனியில் வேலை அனுமதியோடு இருக்கும் இந்தியப் பொறியாளர் ஜெர்மனியில் எவ்வளவு நாளும் இருக்கலாம். இத்தாலியில் நான்கு மாதம் தொடர்ந்து தங்க முடியாது.

வேறு இரண்டு கருத்துகளையும் இங்கே பிரித்துப் பார்ப்பது நல்லது. 90 நாள் என்பது உச்ச வரம்பு; அத்தனை நாளுக்கும் நுழைவு உறுதி என்று பொருளல்ல. பயணத்தின் நோக்கம், தங்குமிடம், கைச்செலவுக்கான பணம் ஆகியவற்றை எல்லை அதிகாரி கேட்கலாம். அடுத்தது, வரிச் சட்டங்களில் அடிக்கடி வரும் 183 நாள் என்ற அளவு முற்றிலும் வேறானது. அது ஒருவர் எந்த நாட்டில் வரி செலுத்த வேண்டியவர் என்பதைத் தீர்மானிக்கும் அளவுகோல். தங்கும் அனுமதியோடு அதற்குத் தொடர்பில்லை.

மூன்றாம் விடை: நாட்டுக்கு நாடு தனிக் கணக்கு

முழுப் பரப்புக்கும் ஒரே கணக்கு என்பதை எல்லோரும் ஏற்கவில்லை. அதற்கு மாற்று இரண்டு வடிவங்களில் வெளிப்பட்டிருக்கிறது.

முதலாவது, பழைய இருதரப்பு ஒப்பந்தங்கள். 1990 உடன்படிக்கைக்கு முன்பே பல ஐரோப்பிய நாடுகள் நியூஸிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளோடு விசா விலக்கு ஒப்பந்தம் செய்திருந்தன. அவற்றை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவே காப்பாற்றி வைத்தது. பல நாடுகளோடு இத்தகைய ஒப்பந்தம் உள்ள நியூஸிலாந்தின் குடிமக்கள் மற்ற ஷெங்கன் நாடுகளில் 90 நாள் முடிந்தபின்னும் அந்நாடுகள் சிலவற்றில் கூடுதலாகத் தங்க வாய்ப்புள்ளது. இந்த வழியின் குறை, நாட்டுக்கு நாடு மாறும் அதன் நடைமுறை. சில ஒப்பந்தங்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் பழமையானவை. ஒரு நாடு ஏற்கும் ஒப்பந்தம், பயணி விமானம் மாறும் இன்னொரு நாட்டின் எல்லை அதிகாரிக்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால்தான் இவ்வழியை நாடுவோர் குறிப்பிட்ட நாட்டின் தூதரகத்திடம் முன்கூட்டியே எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்வதும், அங்கிருந்து நேராக ஷெங்கனுக்கு வெளியே செல்லும் வழியைத் தேர்வதும் அறிவுறுத்தப்படுகிறது.

இரண்டாவது, 2014 ஏப்ரலில் ஐரோப்பிய ஆணையம் முன்மொழிந்த சுற்றுப்பயண விசா. விசா தேவைப்படுவோரும் விலக்குப் பெற்றோரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஷெங்கன் பரப்பில் ஓராண்டு வரை தங்கலாம். ஆனால் எந்த ஒரு நாட்டிலும் 180 நாளில் 90க்கு மேல் தங்கக் கூடாது. பல நாடுகளில் நிகழ்ச்சி நடத்தும் கலைஞர்களும் நீண்ட பயணம் செய்யும் ஓய்வுபெற்றோரும் இதனால் பயன்பெறுவார்கள் என்பது ஆணையத்தின் வாதம். உறுப்பு நாடுகளிடம் இதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. உள் எல்லையில் சோதனை இல்லாதபோது ஒருவர் ஒரு நாட்டில் 90 நாளைத் தாண்டவில்லை என்பதை யார், எதைக் கொண்டு சரிபார்ப்பது என்ற கேள்வி இத்திட்டத்தை விடாமல் தொடர்ந்தது. 2018இல் ஆணையம் விசா விதிகளைத் திருத்தப் புதிய முன்மொழிவைக் கொண்டுவந்தபோது சுற்றுப்பயண விசா அதில் இடம்பெறவில்லை.

நான்காம் விடை: வெளியே காத்திருத்தல்

சட்டத்தை மாற்றாமல் பயணத்தின் வரிசையை மாற்றிக்கொள்வது பயணிகளே கண்ட விடை. 90 நாள் ஷெங்கனில், அடுத்த 90 நாள் அதற்கு வெளியே, மீண்டும் 90 நாள் உள்ளே என்று திட்டமிடுவது இதன் சாரம். பிரிட்டன் பொதுவாக ஆறு மாதம் வரை பார்வையாளர்களை அனுமதிக்கிறது. அயர்லாந்து, சைப்ரஸ், செர்பியா, அல்பேனியா, மாண்டிநீக்ரோ, துருக்கி ஆகியவை தத்தம் கணக்கைத் தனியே வைத்திருக்கின்றன.

இந்த விடையின் பலவீனம், வெளியே இருக்கும் நிலம் குறைந்துகொண்டே வருவது. பயணிகள் இடைக்காலத்தைக் கழிக்க விரும்பிய குரோஷியா 2023 ஜனவரி 1 அன்று ஷெங்கனில் சேர்ந்தது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2024 மார்ச் 31 அன்று வான், கடல் வழிகளிலும், 2025 ஜனவரி 1 அன்று தரை வழியிலும் சேர்ந்தன. முன்பு இந்த மூன்று நாடுகளுக்கும் தனித்தனியே 90 நாள் இருந்தது. இன்று அவை பொதுக் கணக்கில் அடங்கிவிட்டன. பரப்பு பெரிதானது, அனுமதிக்கப்பட்ட நாள்கள் கூடவில்லை.

ஐந்தாம் விடை: தேசிய நீண்டகால விசா

90 நாளைத் தாண்ட விரும்புபவர் ஒரு நாட்டைத் தேர்ந்து அங்கே முறையாக அனுமதி பெறட்டும் என்பது உறுப்பு நாடுகளின் நிலைப்பாடு. பிரான்சின் பார்வையாளர் நீண்டகால விசா, அங்கே வேலை செய்யாமல் சொந்த வருமானத்தில் வாழ உறுதியளிப்போருக்கானது. எஸ்டோனியா 2020இலும், குரோஷியா 2021இலும், போர்ச்சுகல் 2022இலும், ஸ்பெயின் 2023இலும் தொலைவிலிருந்து வேலை செய்வோருக்கான அனுமதிகளைத் தொடங்கின.

இந்த வழி சட்டத்தின் தர்க்கத்துக்கு முழுக்க ஒத்துப்போகிறது. ஆனால் ஒரே நாட்டில் நிலையாக இருப்பவருக்கே அது பொருந்தும். வருமானச் சான்று, மருத்துவக் காப்பீடு, முகவரி ஆகியவை கேட்கப்படுகின்றன. பெரும்பாலும் சொந்த நாட்டிலிருந்தே விண்ணப்பிக்க வேண்டும். பத்து நாடுகளில் தலா ஒரு மாதம் இருக்க நினைப்பவரை எந்த ஒரு நாடும் தன் குடியிருப்பாளராகக் கருதுவதில்லை.

பிரிட்டன் ஒன்றியத்திலிருந்து விலகி, 2021 ஜனவரி 1 முதல் தன் குடிமக்கள் தடையின்றித் தங்கும் உரிமையை இழந்தபோது இந்த இடைவெளி கூர்மையாகத் தெரிந்தது. பிரான்சில் சொந்த வீடு வைத்திருந்த பிரிட்டிஷ் குடிமக்களும் 90 நாள் வரம்புக்குள் வந்தார்கள். அவர்களுக்குத் தானாகவே நீண்டகாலத் தங்கல் உரிமை அளிக்கும் பிரிவு ஒன்று பிரெஞ்சு குடியேற்றச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜனவரியில் பிரான்சின் அரசியல் சாசன மன்றம் அதை நீக்கிவிட்டது. சொத்து வைத்திருப்பது விருந்தினரைக் குடியிருப்பாளராக்காது என்ற நிலையே தொடர்கிறது.

முத்திரையிலிருந்து மின்னணுப் பதிவுக்கு

விதி எதுவாயினும் பல ஆண்டுகள் அதன் சான்று பாஸ்போர்ட்டில் விழும் முத்திரை மட்டுமே. முத்திரை மங்கியிருக்கும், பக்கம் மாறியிருக்கும், சில நேரம் விழாமலே போயிருக்கும். அதிகாரி பக்கங்களைப் புரட்டிக் கையால் கூட்ட வேண்டியிருந்தது. வரம்பு மீறல் பல கண்ணில் படாமல் போனதும், ஒழுங்காக நடந்தவர் முத்திரை இல்லாததால் திண்டாடியதும் இதன் இரு பக்கங்கள்.

2017இல் சட்டமான நுழைவு-வெளியேற்றப் பதிவு முறை இதை மாற்றுகிறது. அது 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாகத் தொடங்கப்பட்டது. 2026 ஏப்ரல் 10க்குள் எல்லா வெளி எல்லைகளிலும் முழுமையாவதாகக் கால அட்டவணை வகுக்கப்பட்டது. அயர்லாந்தும் சைப்ரஸும் இதில் இல்லை. பயணியின் முகப் படமும் விரல் ரேகையும் பதிவாகின்றன. மீதமுள்ள நாள்களை இயந்திரமே கணக்கிடுகிறது. வரம்பு தாண்டியவர்களின் பட்டியலும் தானாக உருவாகிறது. விசா விலக்குப் பெற்றோர் பயணத்துக்கு முன் இணையவழி அனுமதி பெறும் திட்டமும் அடுத்த கட்டமாக ஆயத்தமாகிறது. அந்த அனுமதி பெற்றாலும் 90 நாள் என்ற வரம்பு அதிகரிக்காது.

வரம்பு மீறலுக்கான தண்டனை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. அபராதம், வெளியேற்ற உத்தரவு, குறிப்பிட்ட காலத்துக்கு மறுநுழைவுத் தடை ஆகியவை சாத்தியம். ஒரு நாடு விதிக்கும் தடை பொதுத் தகவல் தொகுப்பில் ஏறினால் மற்ற ஷெங்கன் நாடுகளும் அதைப் பின்பற்றும். கடும் நோய், விமானப் போக்குவரத்து முடக்கம் போன்ற தவிர்க்க முடியாத காரணங்களுக்குத் தங்கலை நீட்டிக்க வழி உண்டு. கொரோனா பெருந்தொற்றின்போது பல நாடுகள் அதைப் பயன்படுத்தின. நாள்கள் முடிவதற்கு முன்பே உள்ளூர் அதிகாரிகளை அணுகுவது இதற்கு அவசியம்.

மதிப்பீடு

இந்த விடைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, எப்படி எண்ணுவது என்ற கேள்வி பெருமளவு தீர்ந்துவிட்டது என்று சொல்லலாம். 2013இன் திருத்தம் விதியைத் துல்லியமாக்கியது. மின்னணுப் பதிவு அதைச் செயல்படுத்தும் வழியைத் தருகிறது. கணக்கு கடினம் என்ற பழைய குறையும், பயணி தன் மீதி நாள்களை எளிதில் பார்த்துக்கொள்ள முடியுமானால், நாளடைவில் குறையக்கூடும்.

தீராமல் இருப்பது அளவு பற்றிய கேள்வி. ஒரு நாட்டில் விருந்தினர் குடியிருப்பாளராக மாறிவிடாமல் காக்க வகுத்த மூன்று மாதம், 1995இல் ஏழு நாடுகளுக்கும் இன்று 29 நாடுகளுக்கும் அப்படியே பொருத்தப்படுகிறது. எந்த நாட்டிலும் வேரூன்றாமல் நகர்ந்துகொண்டே இருப்பவரைக் குடியேற நினைப்பவரிடமிருந்து இந்த விதி பிரித்தறிவதில்லை. சுற்றுப்பயண விசா இந்த வேறுபாட்டை ஏற்றது. சரிபார்க்கும் வழி இல்லாததே அதன் பெருங்குறையாக இருந்தது. வெளி எல்லையில் வரும் புதிய பதிவு முறையும் உள்ளே நாடுகளுக்கிடையே நடக்கும் நகர்வைப் பதிவதில்லை என்பதால், அந்தத் தடை இன்னும் நீங்கவில்லை.

வேலையின் இயல்பு பற்றிய கேள்வியும் திறந்தே இருக்கிறது. மேற்கு பால்கன் நாடுகளின் லாரி ஓட்டுநர்களும், இசைச் சுற்றுப்பயணம் செய்யும் கலைஞர்களும், வசிக்கும் எண்ணமே இல்லாதபோதும் 90 நாளை எளிதில் எட்டிவிடுகிறார்கள். கணக்கு தளர்வாக இருந்தவரை இந்த இறுக்கம் முழுதாக உணரப்படவில்லை. துல்லியமாக எண்ணத் தொடங்கிய பிறகு, இத்தகையோருக்குத் தனி வகை வேண்டுமா, இருதரப்பு ஒப்பந்தங்கள் நிலைக்குமா, பொது வரம்பே மாறுமா என்பவற்றை உறுப்பு நாடுகள் முடிவு செய்தாக வேண்டும். அதுவரை நீண்ட பயணத்தைத் திட்டமிடுபவருக்கு உறுதியான வழிகள் இரண்டே: 90 நாளுக்குள் உள்ளே இருந்து அதே அளவு நாளை வெளியே கழிப்பது, அல்லது ஒரு நாட்டைத் தேர்ந்து அங்கே முறையான நீண்டகால அனுமதி பெறுவது.